ஓரத்தில் ஏறிக்கொண்டே போன எண்: ஓர் ஏர்த் தகட்டின் கணக்கு

ஒக்டோபர் முடியும் நாட்களில் கொழும்பில் பிற்பகல் மூன்று மணி தாண்டினால் வானம் கறுத்துவிடும். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட இந்த வாரங்களிலும், பிறகு ஏப்ரலிலும்தான் இங்கே இடி மின்னல் அதிகம். அப்படி இருட்டிக்கொண்டு வந்த ஒரு நாள், வெள்ளவத்தையில் காலி வீதியோரத் தேநீர்க் கடை ஒன்றில், என்னிடம் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படித்த மாணவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தாள். இப்போது பொறியியல் இறுதியாண்டு. காலையிலிருந்து தமிழ்ச் சங்க நூலகத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"சேர், நாலு கிழமையாப் பாக்கிறன். கோட்ல எங்கயோ பிழை இருக்கு. எங்க எண்டுதான் பிடிபடேல்ல."

அந்தக் கணக்கையும், அதில் என்ன நடந்தது என்பதையும் முழுவதுமாக எழுதி வைக்கிறேன். தொகையீட்டுச் சமன்பாடுகளைப் படிக்கிற நம் பிள்ளைகள் பலர் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். சிறப்புச் சார்புகள் என்றால் பரீட்சைக்குப் பாடமாக்கும் நீண்ட சூத்திரங்கள் என்று நினைக்கிறார்கள். ஒரு கணக்கில் எந்த இடம் முரண்டு பிடிக்கும், எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லித் தருவது அவைதான். இந்த வழக்கில் அது நன்றாகத் தெரிந்தது.

தகடும் மண்ணும்

அவளுடைய ஆய்வுத் திட்டம் ஏர்த் பற்றியது, அதாவது மின்னோட்டத்தை நிலத்துக்குள் இறக்கும் இணைப்பு பற்றியது. 30 சென்ரிமீற்றர் ஆரை உள்ள மெல்லிய வட்டச் செப்புத் தகடு ஒன்று நிலத்தின் மேற்பரப்போடு ஒட்டிக் கிடக்கிறது. மண்ணின் தடைத்திறன் எங்கும் 200 ஓம்-மீற்றர். தகட்டுக்குள் மின்னோட்டம் இறங்கி மண்ணில் பரவுகிறது. தகட்டுக்கும் தொலைவில் உள்ள நிலத்துக்கும் இடையில் தடை எவ்வளவு?

உண்மையான வேலையில் இப்படித் தகட்டை நிலத்தின் மேல் வைக்கமாட்டார்கள். கம்பியை அடித்து இறக்குவார்கள், அல்லது தகட்டைக் குழி தோண்டிப் புதைப்பார்கள். ஆனால் விடையைச் சரிபார்க்கக்கூடிய இடத்தில் தொடங்கட்டும் என்று அவளுடைய மேற்பார்வையாளர் இதைக் கொடுத்திருந்தார். நல்ல தெரிவு என்றே நினைக்கிறேன்.

செப்பு மண்ணைவிடப் பல மடங்கு நல்ல கடத்தி. ஆகவே தகடு முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். தெரியாதது ஒன்றுதான்: தகட்டின் எந்த இடத்திலிருந்து எவ்வளவு மின்னோட்டம் மண்ணுக்குள் போகிறது? தகட்டின் ஒவ்வொரு சிறு துண்டும் தன்னிடமிருந்து போகும் மின்னோட்டத்துக்கு ஏற்ப மற்ற இடங்களில் அழுத்தத்தை உண்டாக்குகிறது. தூரம் கூடக் கூட அது குறைகிறது. எல்லாத் துண்டுகளின் பங்கையும் தொகையிட்டால் தகட்டின் எந்தப் புள்ளியிலும் ஒரே எண் வரவேண்டும். தேடும் சார்பு தொகையீட்டுக்குள் மட்டும் ஒளிந்திருக்கிறது, வெளியே எங்கும் இல்லை. இதற்குத்தான் முதல்வகைத் தொகையீட்டுச் சமன்பாடு என்று பெயர்.

அவள் தகட்டை ஒரே அகலமுள்ள 10 வளையங்களாக வெட்டினாள். ஒவ்வொரு வளையத்திலும் மின்னோட்ட அடர்த்தி மாறிலி என்று எடுத்தாள். ஒரு வளையம் மற்றதன் மேல் உண்டாக்கும் அழுத்தத்தை நீள்வளையத் தொகையீட்டால் கணித்து, பத்துக்குப் பத்துத் தாயம் அமைத்துத் தீர்த்தாள். பிறகு 20 வளையம், 40 வளையம். எல்லாரும் செய்வதுதான், செய்யவேண்டியதும்தான்.

அழகான வரைபு

10 வளையத்தில், கடைசி வளையத்தின் அடர்த்தி முழுத் தகட்டின் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. 20-இல் மூன்று மடங்குக்கு மேல். 40-இல் நாலு மடங்கையும் தாண்டியது. உள்ளே இருந்த வளையங்கள் எல்லாம் அமைதியாக ஒரு பெறுமானத்தில் வந்து நின்றன. ஓரம் மட்டும் நிற்கவில்லை.

வலையைச் சிறிதாக்கினால் விடை ஒருங்க வேண்டும் என்பது பாடம். ஒருங்கவில்லை என்றால் கணினிக் கோட்டில் (நிரலில்) பிழை, அல்லது சமன்பாடே நிலையற்றது. முதல்வகைச் சமன்பாடுகள் நிலையற்றவை, சின்ன வழுவைப் பெரிதாக்கிவிடும், அதனால் ஒழுங்குபடுத்தல் சேர்க்க வேண்டும் என்று விரிவுரையிலும் கேட்டிருக்கிறாள். ஆகவே அடுத்தடுத்த வளையங்களுக்கிடையில் பெரிய வித்தியாசம் வந்தால் தண்டிக்கிற ஓர் உறுப்பைச் சேர்த்தாள். ஓரத்தில் இருந்த கூர் போய்விட்டது. வரைபு மெழுகினது மாதிரி வந்தது. தடை 180 ஓமைச் சுற்றி. ஒழுங்குபடுத்தாமல் விட்ட கணக்கில் அது 167-ஐ நோக்கிப் போயிருந்தது.

இரண்டு விடைகள், இடைவெளி 8 வீதம். அறிக்கையில் அவள் போட நினைத்தது 180. வரைபு அழகாக இருந்தது என்பதே காரணம். அதில் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஏறிக்கொண்டே போகிற எண்ணை நம்பாதே என்றுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

பெசல் சார்பு என்ற சிறப்புச் சார்புக்குப் போக முன்னால் பேனாவால் ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். மின்னோட்டம் தகடு முழுவதும் சமமாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மையத்தின் அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் 212 ஓம். ஓரத்தில் 135. பரப்புச் சராசரி 180.1. மையத்துக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். செப்புத் தகட்டில் அது நடக்காது. மையத்தில் அழுத்தம் கூடிப்போவதால் மின்னோட்டம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டே ஆகவேண்டும். ஒழுங்குபடுத்தல் செய்ததோ அதற்கு நேர் எதிர்: ஓரத்துக்குப் போனதை இழுத்துக்கொண்டுவந்து சமமாகப் பரப்பியது. அவளுடைய 180-க்கும் இந்த 180.1-க்கும் உறவு இருந்தது.

இதைச் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி நியாயமானது. "அப்ப ஓரத்தில எவ்வளவு வரவேணும் சேர்? ஏறிக்கொண்டே போறது சரி எண்டா, எங்க நிக்கும்?"

அது நிற்காது. எப்படி ஏறுகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெபரின் வழி

இதே கணக்கை 1873-இல் ஜேர்மன் கணிதவியலாளர் ஹைன்ரிக் வெபர் செய்து முடித்துவிட்டார். பெசல் சார்புகளை மின்னோட்டக் கணக்குகளுக்குப் பயன்படுத்துவது பற்றிய கட்டுரை அது. அவருடைய வழியைக் கொஞ்சம் பிற்காலத்து உடையில் சொல்கிறேன்.

மண்ணுக்குள் அழுத்தம் லப்பிளாசின் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டது. அச்சுச் சமச்சீர் இருப்பதால், கீழே போகப் போக அடுக்குக்குறியாகத் தேய்ந்துகொண்டும், பக்கவாட்டில் பூச்சிய வரிசைப் பெசல் சார்பாக அலைந்துகொண்டும் இருக்கிற எளிய தீர்வுகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அலையெண். அதைக் 'க' என்போம். இந்த எளிய தீர்வுகளை எந்த அளவில் கலக்கினால் நம் விடை வரும் என்பதே இப்போதைய கேள்வி. அந்தக் கலவை அளவு, க-வின் ஒரு சார்பு.

நிபந்தனைகள் இரண்டு. தகட்டுக்கு உள்ளே அழுத்தம் மாறிலி. தகட்டுக்கு வெளியே மேற்பரப்பிலிருந்து காற்றுக்கு மின்னோட்டம் போகாது. முதலாவது ஒரு தொகையீட்டுச் சமன்பாடு, உள்ளே மட்டும் பொருந்தும். இரண்டாவது இன்னொன்று, வெளியே மட்டும் பொருந்தும். ஒரே தெரியாச் சார்பு, இரண்டு வீச்சு, இரண்டு சமன்பாடு. இவற்றை இரட்டைத் தொகையீட்டுச் சமன்பாடுகள் என்பார்கள். முதல் பார்வையில் பிடி கிடைக்காது. பாதித் தகவல் ஒரு கையில், மீதி மற்றக் கையில் என்ற மாதிரி.

பிடி கொடுப்பவை பெசல் சார்பின் இரண்டு தொகையீடுகள். தேநீர்க் கடையின் பில்லுக்குப் பின்னால் அவற்றை எழுதிக் காட்டினேன். பூச்சிய வரிசைப் பெசல் சார்பை (க × ர) என்ற இடத்தில் எடுத்து, கோசைன் (க × த) என்பதால் பெருக்கி, க-வைப் பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிடுங்கள். த, ர-ஐவிடச் சிறிதாக இருந்தால் விடை 1 ÷ √(ர² − த²). பெரிதாக இருந்தால் விடை பூச்சியம். கோசைனுக்குப் பதில் சைனைப் போட்டால் நேர்மாறு: த சிறிதாக இருந்தால் பூச்சியம், பெரிதாக இருந்தால் 1 ÷ √(த² − ர²). ஆளி போட்டு அணைத்தது மாதிரி, ஒரு பக்கம் எரியும், மறுபக்கம் முழு இருட்டு. உள்ளே ஒரு விதி, வெளியே ஒரு விதி என்று இருக்கிற கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறு இல்லை. எனக்கு இந்த இரண்டு வரிகளையும் முதன்முதலில் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

இனி வேலை லேசு. கலவைச் சார்பைக் கோசைன்களின் தொகையாக எழுதுகிறோம்: த பூச்சியத்திலிருந்து ஆரை வரை, ஒவ்வொரு த-வுக்கும் ஒரு புதிய தெரியாக் கணியம் பெருக்கப்பட்டு. இப்படி எழுதிய உடனேயே வெளி நிபந்தனை தானாக நிறைவேறிவிடுகிறது. சைன் தொகையீட்டின் இருட்டுப் பக்கம் அதைப் பார்த்துக்கொள்கிறது. மிஞ்சுவது உள் நிபந்தனை மட்டும். அது என்ன உருவத்தில் வருகிறது என்று பாருங்கள்: புதிய கணியத்தை √(ர² − த²) என்பதால் வகுத்து, த-வைப் பூச்சியத்திலிருந்து ர வரை தொகையிட்டால் ஒரு மாறிலி வரவேண்டும். இது ஏபெலின் சமன்பாடு. 1820களில், வளைந்த பாதையில் வழுக்கி இறங்கும் பொருளின் நேரத்திலிருந்து பாதையின் உருவத்தைக் கண்டுபிடிக்க நோர்வேக்காரரான ஏபெல் தீர்த்தது. மலைச்சரிவில் வழுக்கும் மணிக்கும் கொழும்பு மண்ணில் கிடக்கும் தகட்டுக்கும் ஒரே சமன்பாடு.

நம் கணக்கில் அதன் தீர்வு ஆகவும் எளியது. புதிய கணியம் ஒரு மாறிலி: தகட்டின் அழுத்தத்தை 2 ஆல் பெருக்கி பையால் (π) வகுத்தால் கிடைப்பது. அவ்வளவுதான். அதைத் திரும்பப் போட்டால் மின்னோட்ட அடர்த்தி 1 ÷ √(ஆரை² − ர²) என்பதற்கு நேர்விகிதசமம். மொத்தத் தடை = தடைத்திறன் ÷ (4 × ஆரை). 200 ÷ 1.2 = 166.7 ஓம்.

ஆக, ஓரத்தில் அடர்த்தி முடிவிலிக்கே போகிறது. ஆனால் மெதுவாக, வர்க்கமூலத்தின் வேகத்தில். தொகையிட்டால் முடிவான மின்னோட்டமே வரும். மையத்தில் அடர்த்தி சராசரியில் சரிபாதி.

"இப்ப உன்ர வளையங்களுக்குப் போவம் பிள்ளை," என்றேன். ஓர் ஆரைக்குள் அடங்கும் மின்னோட்டத்தின் பங்கு இந்தச் சூத்திரத்திலிருந்து கைக்கணக்காகவே வரும். 10 வளையம் வெட்டினால் கடைசி வளையத்தின் பங்கு √0.19, அதாவது 43.6 வீதம். அதன் பரப்போ 19 வீதம்தான். வகுத்தால், அடர்த்தி சராசரியின் 2.29 மடங்கு. 20 வளையத்துக்கு 3.20. 40-க்கு 4.50. வளையங்களை நாலு மடங்காக்கினால் ஓர அடர்த்தி ஏறக்குறைய இரு மடங்காக வேண்டும்.

அவள் தன்னுடைய பழைய கோப்பைத் திறந்தாள், ஒழுங்குபடுத்தாத அந்த முதல் கோப்பை. எண்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் எழுதினாள். எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. நாலு கிழமையாகப் பிழை என்று துரத்திய எண்தான் முழுக் கணக்கிலும் சரியாக இருந்த எண். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, மின்னோட்டத்தில் பாதி எங்கே போகிறது என்று தானே கணக்கிட்டாள். ஆரையின் 0.866 பங்குக்கு வெளியே. 30 சென்ரிமீற்றர் தகட்டில் வெளிப்புற 4 சென்ரிமீற்றர் பட்டிக்குள் சரிபாதி மின்னோட்டம்.

அந்தப் பில்லின் மூலையில் ஒரு துளி பிளேன்டீ சிந்திக் காய்ந்திருந்தது. நடுவில் வெளிறி, ஓரத்தில் கருஞ்சிவப்புக் கோடு. எல்லாரும் பார்த்த கறைதான். 1997-இல் டீகனும் கூட்டாளிகளும் இதற்குக் காரணம் சொன்னார்கள்: தட்டையான துளியிலிருந்து நீராவி பரவுவதும் லப்பிளாசின் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டது, துளி ஒரு தகடு, ஆகவே ஆவியாதல் ஓரத்தில் ஆக அதிகம், அதே வர்க்கமூல விதிப்படி. ஓரத்தில் இழந்த நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓடுகிறது. ஓடும்போது சாயத்தையும் துணிக்கைகளையும் இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் போடுகிறது. அவளுடைய வரைபும் அந்தக் கறையும் ஒரே காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

இந்தச் சூத்திரம் எங்கெல்லாம் வருகிறது என்று சொல்லத் தொடங்கினால் முடியாது. விறைப்பான வட்ட அத்திவாரம் மண்ணில் அழுத்தும்போது அதன் அடியில் அழுத்தப் பரம்பல் இதே உருவம்; பூசினெஸ்க் 1885-இலேயே அதை எழுதிவிட்டார். மின்முலாம் பூசும்போது தகட்டின் ஓரத்தில் முலாம் தடிப்பதும் இதனால்தான்.

எனக்கு ஆகப் பிடித்தது ஆங்கில விஞ்ஞானி கவென்டிஷின் எண். பதினெட்டாம் நூற்றாண்டில், பெசல் சார்பும் இல்லாமல் தொகையீட்டுச் சமன்பாடும் இல்லாமல், ஒரு கோளத்தின் கொள்ளளவம் அதே ஆரையுள்ள தகட்டின் கொள்ளளவத்தைப் போல 1.57 மடங்கு என்று அளந்து எழுதி வைத்தார். சரியான விடை பையின் பாதி, 1.5708. அந்தக் குறிப்புகள் அச்சேறாமலே கிடந்து, மக்ஸ்வெல் 1879-இல் அவற்றைப் பதிப்பித்தார். நம் மண் கணக்கிலும் அதே விகிதம்தான்: நிலத்தில் பதித்த அரைக்கோள மின்வாயின் தடையைவிட, அதே ஆரையுள்ள தகட்டின் தடை 1.57 மடங்கு.

முதல்வகை என்ற பயம்

இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. முதல்வகைச் சமன்பாடு நிலையற்றது என்று படித்தது பொய்யா? பொய் இல்லை. ஆனால் எவ்வளவு நிலையற்றது என்று கேட்க வேண்டும், அதற்கும் விடை சிறப்புச் சார்பிடம்தான் இருக்கிறது.

ஆரை 1 ஆக உள்ள தகட்டை எடுப்போம். மையத்திலிருந்து தூரம் ர. √(1 − ர²) என்பதை மாறியாக வைத்து, இரட்டைப்படை வரிசை லெஜாந்தர் பல்லுறுப்பியை எழுதி, அதையே √(1 − ர²) ஆல் வகுத்தால் கிடைக்கும் சார்புகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. அப்படி ஒன்றை அடர்த்தியாகத் தகட்டில் பரப்பினால், அது உண்டாக்கும் அழுத்தம் அதே லெஜாந்தர் பல்லுறுப்பியாகவே வெளியே வருகிறது, ஓர் எண்ணால் பெருக்கப்பட்டு. முதல் எண் பை வர்க்கம். அடுத்தது அதன் 1/4. அடுத்தது 9/64. ஒன்று, 0.25, 0.14 என்று இறங்கி, பிறகு வரிசை எண்ணுக்கு நேர்மாறு விகிதத்தில் தேய்கிறது.

இரண்டாவதை மையத்தில் மட்டும் சரிபார்ப்பது அரைப் பக்க வேலை; ர = சைன் என்று பிரதியிட்டால் பை வர்க்கம் ÷ 4 நேராக வந்து விழும். அவளையே செய்யச் சொன்னேன், அவள் செய்தாள்.

இந்த இறக்கம் மிக மெதுவானது. ஒரு கம்பியின் இன்றைய வெப்பநிலையிலிருந்து நேற்றையதைக் கேட்கும் கணக்கில் இந்த எண்கள் அடுக்குக்குறி வேகத்தில் விழும். அங்கே ஒழுங்குபடுத்தாமல் ஓர் அடிகூட வைக்க முடியாது. இங்கே பத்தாவது உறுப்பில்கூட வழு முப்பது மடங்கு சுற்றித்தான் பெருகும். கணினி பதினைந்து இலக்கத்துக்குக் கணக்குப் பார்க்கும்போது அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு நோய்க்கும் ஒரே பெயர் இருந்ததால் ஒரே மருந்தைக் கொடுத்ததுதான் நடந்த தவறு. மருந்து, சுகமாக இருந்த இடத்தைக் கெடுத்தது.

ஆகவே கோட்டில் செய்த மாற்றம் ஒன்றுதான். அடர்த்தியைத் தேடாமல், அடர்த்தியை √(ஆரை² − ர²) ஆல் பெருக்கிய கணியத்தைத் தேடினோம். கூர்ப்பு முழுவதையும் நாமே முன்கூட்டி எழுதிவிட்டதால் மிச்சம் இருப்பது மெழுகின மாதிரியான சார்பு. 40 வளையத்தால் வராத துல்லியம் ஒரே உறுப்பால் வந்தது: 166.67.

கீழே ஈரமண்

சரி, மண் எங்கும் ஒரே மாதிரி இல்லையே. கொழும்பில் மேட்டு நிலங்களில் கபுக் என்ற செம்பூரான் மண், தாழ்ந்த பக்கங்களில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் களியும், பாதி மக்கிய தாவர மண்ணான முற்றாவும். மேலே 1 மீற்றர் ஆழத்துக்கு 200 ஓம்-மீற்றர், அதன் கீழே 50 என்று எடுத்துக்கொண்டோம். நாலு மடங்கு நல்ல கடத்தி கீழே வந்தால் தடை எவ்வளவு குறையும்? பாதியாகும் என்று அவள் ஊகித்தாள்.

இப்போது வெபரின் விடை நேராகப் பொருந்தாது. ஆனால் அதே கோசைன் உபாயத்தைப் போட்டால், ஏபெலின் சமன்பாட்டோடு ஒரு திருத்த உறுப்பு ஒட்டிக்கொண்டு வரும். இந்தமுறை தேடும் சார்பு தொகையீட்டுக்கு உள்ளேயும் இருக்கும், வெளியேயும் இருக்கும்: இரண்டாம்வகைச் சமன்பாடு, நல்ல சுபாவம் உள்ளது. அதன் கரு (தொகையீட்டுக்குள் தேடும் சார்பைப் பெருக்கி நிற்கும் சார்பு), இரண்டு வட்டத் தகடுகள் எதிரெதிரே இருக்கும் கொள்ளளவிக் கணக்குக்குக் கணிதவியலாளர் லவ் 1949-இல் எழுதிய கருவின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு உறுப்பும் அடி அடுக்கில் பட்டுத் தெறித்த ஒரு விம்பம். தெறிப்புக் குணகம் இங்கே (50 − 200) ÷ (50 + 200), அதாவது −0.6.

தகட்டின் ஆரை அடுக்கின் ஆழத்தைவிடச் சிறிதாக இருந்தால் தொடரைக் கையாலேயே கூட்டலாம், அது மடக்கையாக முடிகிறது. தடையில் வரும் திருத்தம்: தடைத்திறனை (2 × பை × ஆழம்) ஆல் வகுத்து, 1.6-இன் இயற்கை மடக்கையால் பெருக்கி, அதைக் கழிக்க வேண்டும். 31.8 × 0.47, சுமார் 15 ஓம். ஆக 151.7, அடுத்த திருத்தத்தையும் சேர்த்தால் 152. ஆழம் 3 மீற்றராக இருந்தால் 161.7.

பாதியாகவில்லை. 9 வீதம்கூடக் குறையவில்லை.

ஏன் என்பதை அழுத்தத்தின் சூத்திரமே சொல்கிறது. மையத்துக்கு நேர் கீழே ஓர் ஆரை ஆழத்தில் அழுத்தம் பாதியாகிவிடும். மேற்பரப்பில் மையத்திலிருந்து இரண்டு ஆரைத் தூரத்தில் அது மூன்றில் ஒன்று. அதாவது தகட்டின் ஓரத்திலிருந்து வெறும் 30 சென்ரிமீற்றருக்குள் மூன்றில் இரண்டு பங்கு அழுத்தம் கரைந்துபோகிறது. தடை என்று நாம் அளப்பது தகட்டைச் சுற்றிய கைப்பிடி மண்ணின் குணத்தை. மின்வாயைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டு நிரப்பும் பழைய வழக்கத்துக்கும், இப்போது பென்டோனைட் களி போடுவதற்கும் காரணம் இதுவே. எங்கோ ஆழத்தில் இருக்கும் ஈரம் பெரிதாக உதவாது.

இதே சூத்திரத்தின் மற்றப் பக்கத்தை நான் சொல்லாமல் விடவில்லை. சீரான மண்ணில் கிடக்கும் அந்தத் தகட்டில் மின்னல் இறங்கும் நேரத்தில் ஒருவர் ஒரு காலை தகட்டின் ஓரத்திலும் மறுகாலை 1 மீற்றர் தள்ளியும் வைத்து நின்றால், முழு அழுத்தத்தில் 85 வீதம் அவருடைய இரண்டு கால்களுக்கும் இடையில் இருக்கும். அந்த எண்ணை அவள் அறிக்கையில் தனி வரியாக, தடித்த எழுத்தில் போட்டாள். போடத்தான் வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: அதே 200 ஓம்-மீற்றர் சீரான மண்ணில் 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள 1.5 மீற்றர் கம்பியை அடித்து இறக்கினால் தடை ஏறக்குறைய 119 ஓம். செப்பு குறைவு, விடை நல்லது. ஏர்த் அடிக்கிறவர்கள் கம்பியைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.

வெபருக்குப் பிறகு இந்த இரட்டைச் சமன்பாடுகளைப் பொதுவான முறையில் தீர்த்தவர்களில் ஐடா பஸ்பிரிஜ் ஒருவர், 1938-இல் எழுதினார். அதே பஸ்பிரிஜ் பிறகு, நட்சத்திர வளிமண்டலத்தில் ஒளி பரவுவதற்குச் சுப்பிரமணியன் சந்திரசேகர் பயன்படுத்திய தொகையீட்டுச் சமன்பாட்டின் கணிதத்தில் இறங்கினார். கொழும்பிலும் இந்த மரபுக்கு வேர் உண்டு. பௌதிகவியலாளர் டிராக்கிடம் கேம்பிரிட்ஜில் பயின்ற கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் 1950களில் இங்கே இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். இலத்திரனின் இயக்கச் சமன்பாடு முடிவிலிக்கு ஓடும் தீர்வுகளைக் கொடுத்தபோது, அவற்றை ஒதுக்கித் தள்ளாமல் உட்கார்ந்து ஆராய்ந்தவர் அவர். இதை அவளிடம் சொன்னபோது பெயரை எழுதி வைத்துக்கொண்டாள்.

சதுரம்

அறிக்கை போய்ச் சேர்ந்தது. 166.7 முதல் பக்கத்தில், ஒழுங்குபடுத்திய 180 பின்னிணைப்பில், எப்படி வந்தது என்ற விளக்கத்தோடு. அதை அழிக்க வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு இரவு குறுஞ்செய்தி வந்தது. கடையில் ஏர்த் தகடு கேட்டால் 60 சென்ரிமீற்றர் சதுரம்தானே தருவார்கள், சதுரத்துக்கு என்ன சூத்திரம் என்று. சதுரத்துக்கு மூடிய சூத்திரம் கிடையாது. அதே பரப்புள்ள வட்டத்தை எடுத்தால் 147.7 ஓம்; எண்முறையில் துல்லியமாகப் பார்த்தால் 145-க்குச் சற்றுக் குறைவு. பக்கங்களின் ஓரத்தில் வட்டத்தில் இருந்த அதே வர்க்கமூலக் கூர். மூலைகள்தான் தனிச் சங்கதி. அங்கே இரண்டு ஓரங்கள் சந்திப்பதால் அடர்த்தி இன்னும் வேகமாக ஏறும். எவ்வளவு வேகமாக என்பதைக் கால்பங்குத் தளம் ஒன்றைச் சுற்றி லப்பிளாசின் சமன்பாட்டைத் தீர்த்துப் பார்க்க வேண்டும்; அதற்கு லாமே சார்புகள் தேவை. 1976-இல் மொரிசனும் லூயிஸும் அதைச் செய்தார்கள். மூலையை அணுகும்போது அழுத்தம் மாறுவது தூரத்தின் 0.2966 ஆவது அடுக்காக.

விடையை நான் அனுப்பவில்லை. வலையைச் சிறிதாக்கிக்கொண்டே போய், மூலைச் சதுரத்தின் அடர்த்தி ஒவ்வொரு முறையும் எத்தனை மடங்கு ஏறுகிறது என்று மட்டும் பார், ஒழுங்குபடுத்தாதே என்று எழுதினேன்.

ஐந்தாம் நாள் வரைபு வந்தது. மடக்கைத் தாளில் நேர்கோடு. கீழே ஒரு வரி: "சேர், அடர்த்தி ஏறுற சரிவு 0.70 வருது. ஒண்டிலயிருந்து கழிச்சா 0.30. இது ஏதும் தெரிஞ்ச எண்ணா?"